தோட்டத்துப் பெண்களின் சரித்திரமும் நமது கடமையும்



சங்கத்தின் ஆண்டுக் கூட்டமானாலும் சரி, கல்யாண வீட்டுப் பந்தலானாலும் சரி, முன்னோர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் நம் எல்லோருடைய முகமும் மலர்ந்துவிடுகிறது. கப்பலேறி வந்தார்கள், காட்டை அழித்து ரப்பர் நட்டார்கள், ரயில் பாதை போட்டார்கள், கடை வைத்தார்கள், பள்ளிவாசல் கட்டினார்கள் என்று சொல்லி மகிழ்கிறோம். அவை யாவும் உண்மையே. அதில் பெருமை கொள்வதும் நியாயமே.

ஆனால் வியாபாரிகளாகிய நமக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். வந்த பணத்தை மட்டும் எழுதி, கொடுக்க வேண்டிய கடனை எழுதாமல் விட்ட பேரேடு, கணக்கு ஆகாது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படலாம். அதை நம்பிக் கடை நடத்த முடியாது. சரித்திரமும் அப்படித்தான். நல்லதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, வலி தருவதை மறைத்து வைத்தால், அவர்கள் கையில் பொய்க் கணக்கைக் கொடுத்தவர்களாகி விடுகிறோம்.

நம் நெகிரி செம்பிலான் தோட்டங்களின் சரித்திரத்தில் மிக அதிகமாக மறைக்கப்பட்டது பெண்களின் கதை. சிரம்பான், ரந்தாவ், லிங்கி, போர்ட்டிக்சன், பகாவ், தம்பின் எனப் பல வட்டாரங்களிலும் பால் மரம் சீவிய தாய்மார்கள் பட்ட பாட்டை எந்தக் கூட்டத்திலும் யாரும் விரிவாகப் பேசுவதில்லை. கேட்டால், "மானக்கேடான விஷயம், அதை ஏன் கிளற வேண்டும்?" என்கிறார்கள். அதை ஏன் பேச வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்பதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

வந்த வழி

பிரிட்டிஷ் ராஜ்யத்தில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-ல் வந்தது. அடிமைகள் போன பிறகு கரும்புத் தோட்டங்களுக்கும் காப்பித் தோட்டங்களுக்கும் ஆள் தேவைப்பட்டது. ஒப்பந்தக் கூலி என்ற முறையில் இந்தியாவிலிருந்து ஏழை ஜனங்களைக் கடல் கடத்தினார்கள். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளை எடுப்பது 1910-ல் நிறுத்தப்பட்டது. அதற்குள் ரப்பர் வந்துவிட்டது. கங்காணி முறையும் வேரூன்றிவிட்டது.

கங்காணி தன் ஊருக்குப் போய், உறவினரையும் அண்டை அயலாரையும் திரட்டிக்கொண்டு வருவான். நாகப்பட்டினத்திலும் சென்னைக்கு அருகில் ஆவடியிலும் ஆட்களைத் தங்கவைத்துக் கப்பலேற்றும் டிப்போக்கள் இருந்தன. 1907-ல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதியிலிருந்து பயணச் செலவு கொடுக்கப்பட்டது. அந்த நிதிக்குத் தோட்ட முதலாளிகள் பணம் கட்டினார்கள். தன் கூட்டத்தில் எத்தனை ஆள் வேலைக்கு இறங்கினார்களோ, அந்தக் கணக்குப்படி கங்காணிக்குத் "தலைக்காசு" கிடைத்தது. ஆகவே, ஆள் போய்விடாமல் பிடித்து வைப்பதில் அவனுக்குச் சொந்த லாபம் இருந்தது.

வந்தவர்களில் பெண்கள் மிகக் குறைவு. 1931-ம் வருஷத்துக் குடிக்கணக்கின் போதுகூட, மலாயாவில் இருந்த இந்தியர்களில் ஏறக்குறைய இரண்டு ஆண்களுக்கு ஒரு பெண் என்ற அளவே இருந்தது. தோட்ட முதலாளிக்கு வேண்டியது வேலை செய்யும் கை. குடும்பம் அவருக்குச் செலவு. 1922-ல் இந்திய அரசாங்கம் குடியேற்றச் சட்டம் போட்டு, தனியாக வரும் ஆண்களின் அளவுக்கு வரம்பு வைத்தது. ஆனால் மலாயாவுக்கு அந்த விதியிலிருந்து மீண்டும் மீண்டும் விலக்குக் கொடுத்தார்கள். பல ஆண்களின் நடுவே சில பெண்கள், பெற்றோரும் சொந்த பந்தமும் கடலுக்கு அப்பால், தப்பிப் போக ரப்பர் காட்டைத் தவிர வேறு இடமில்லை. இந்த நிலையைச் சிருஷ்டித்தது விதியல்ல. லாப நஷ்டக் கணக்குப் பார்த்த மனிதர்களே.

ஐம்பது சென்ட், நாற்பது சென்ட்

1920-களின் கடைசியில் பிரதான வட்டாரங்களில் அரசாங்கம் ஒரு நாள் கூலியை நிர்ணயித்தது. ஆணுக்கு 50 சென்ட், பெண்ணுக்கு 40 சென்ட். மாதத்தில் 25 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால், ஆணுக்குப் பன்னிரண்டரை வெள்ளி, பெண்ணுக்குப் பத்து வெள்ளி. வருஷத்துக்கு முப்பது வெள்ளி வித்தியாசம். அந்தக் காலத்து முப்பது வெள்ளி என்றால் அவளுடைய மூன்று மாதச் சம்பளம். உலக வியாபாரம் மந்தமான 1930-க்குப் பிறகு இந்தக் கூலியும் குறைக்கப்பட்டது. குறைத்தபோதும் பெண்ணின் கூலி ஆணுடைய கூலிக்குக் கீழேயே நின்றது.

வேலை குறைவாக இருந்ததா? விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, பெரட்டுக் களத்தில் வந்து நிற்க வேண்டும். பெயர் கூப்பிட்டு முடிந்ததும் உளியும் வாளியுமாக நிரைக்குப் போக வேண்டும். வெயில் ஏறுமுன் சீவினால்தான் பால் நன்றாக வடியும். மரம் மரமாகச் சீவி முடித்து, மறுபடியும் அதே வரிசையில் போய் மங்குகளில் சேர்ந்த பாலை எடுத்து, வாளிகளைக் காண்டாவில் மாட்டித் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவர வேண்டும். ஆண் அத்தோடு ஓய்ந்தான். அவளுக்கோ தண்ணீர், விறகு, அடுப்பு, பிள்ளை என்று இரண்டாவது வேலை லயத்தில் காத்திருந்தது.

1923-ம் வருஷத்துத் தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்றது. பள்ளிக்கூடமும் வந்தது. ஆனால் தாய் மரம் சீவப் போனால் கைக்குழந்தையைப் பார்ப்பது யார்? மூத்த பெண் பிள்ளைதான். ஆகவே, அவள் பெயர் பள்ளிக்கூடத்து இடாப்பிலிருந்து முதலில் மறைந்தது.

இங்கே நம் மாநிலத்துக்கே உரிய ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தோட்டத்து வேலிக்கு அப்பால், ரெம்பாவ், கோலாப்பிலா பக்கத்து மலாய்க் கிராமங்களில் அடாட் பெர்பாத்தே வழக்கம் உண்டு. அதன்படி பரம்பரை நிலமும் வீடும் தாய் வழியாக மகளுக்குப் போகும். 1909-லேயே அந்த வழக்கத்துக்குச் சட்டத்தில் இடம் கொடுத்து, அத்தகைய நிலங்கள் பெண்கள் பெயரில் காக்கப்பட்டன. வேலிக்கு இப்பால், அதே அரசாங்கத்தின் கீழ், தமிழ்ப் பெண்ணுக்கு ஓர் அறைகூடத் தன் பெயரில் இல்லை. லயத்து அறை, வேலை செய்கிற ஆளுக்கு உரியது. வேலை போனால் அறை போயிற்று. புருஷன் இறந்து, வீட்டில் வேலைக்குப் போக ஆளில்லை என்றால் விதவையும் பிள்ளைகளும் தெருவுக்கு வர வேண்டியதே. "பெண்களை மதிக்கும் எண்ணமே அந்தக் காலத்தில் கிடையாது" என்று சொல்வோருக்கு, ஒரு கல் தொலைவில் இருந்த அந்தக் கிராமங்களே பதில் சொல்லும்.

மானத்தின் பெயரால் மறைத்தது

கூலிக் குறைவைப் பற்றிப் பேசக் கூச்சமில்லை. இனிச் சொல்வதைத்தான் பேசக் கூசுகிறோம்.

ஒரு தோட்டத்தில் எந்த நிரை யாருக்கு என்று தீர்மானிப்பவன் கங்காணி. நாள் பேர் போடுபவர் கிராணி. வேலையில் வைப்பதும் நீக்குவதும் துரை. இந்த மூவரில் ஒருவருடைய தீய பார்வை ஒரு பெண்ணின்மேல் விழுந்தால் அவள் யாரிடம் முறையிடுவாள்? இணங்காதவளுக்கு மேட்டு நிரை. பால் வற்றிய மரம். செக்ரோலில் அரை நாள். இணங்கினாலோ ஊர்ப் பழி. புருஷன் எதிர்த்தால் குடும்பத்தோடு வெளியே போக வேண்டியதுதான். இது பல தோட்டங்களில் மூத்தவர்கள் தாழ்ந்த குரலில் சொல்லி வந்த கதை.

வெளியார் செய்த கொடுமை போதாதென்று வீட்டுக்குள்ளும் கொடுமை இருந்தது. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைத்திருந்தார்கள். கூலி கொடுத்த அன்று அந்தக் காசு எங்கே போயிற்று, அன்றிரவு லயத்தில் யாருடைய அழுகுரல் கேட்டது என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அடித்த கை துரையின் கையல்ல. அவள் சமைத்த சோற்றைத் தின்ற கை. இதையும் சேர்த்து எழுதினால்தான் கணக்கு நேராகும்.

இதையெல்லாம்விட வேதனையானது, பழி போன திசை. பெண்ணுக்காகத் தோட்டத்தில் வெட்டுக்குத்து நடந்தால், அதிகாரிகளும் பத்திரிகைகளும் "தோட்டத்துப் பெண்களின் ஒழுக்கக்கேடு" என்று எழுதினார்கள். இரண்டு ஆணுக்கு ஒரு பெண் என்று கொண்டுவந்து இறக்கியவர்களின் ஒழுக்கத்தைப் பற்றி யார் எழுதினார்கள்? சட்டமும் அதே கண்ணோடுதான் பார்த்தது. இந்தியாவிலிருந்து இங்கு வந்த குற்றவியல் சட்டத்தின் 498-ம் பிரிவு, மணமான பெண்ணை இன்னொருவன் மயக்கி அழைத்துப் போவதைக் குற்றம் என்றது. முறையிடும் உரிமை புருஷனுக்கு மட்டும். அவள் ஏன் போனாள், அடி தாங்காமல் போனாளா என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. கடையிலிருந்து சாமான் திருட்டுப் போனது போலத்தான் அவளை நினைத்தது அந்தச் சட்டம். அது எப்போது ஒழிந்தது என்று நினைக்கிறீர்கள்? 2023-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில்தான் மலேசியாவின் கூட்டரசு நீதிமன்றம், ஆணையும் பெண்ணையும் சமமாக நடத்தாத அந்தப் பிரிவு அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது. பழைய சரித்திரம் என்று நாம் நினைப்பது நேற்று வரை உயிரோடிருந்தது.

பேசியதால் விளைந்த நன்மை

"பேசி என்ன பயன்?" என்று கேட்பவர்களுக்கு இரண்டு உதாரணங்கள் சொல்லலாம்.

முதலாவது, பிஜித் தீவில் நடந்தது. அங்கும் நம் நாட்டு ஜனங்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாக இருந்தார்கள். 1913-ல் குந்தி என்ற பெண், தன்னைப் பலவந்தம் செய்ய வந்த மேற்பார்வையாளனிடமிருந்து தப்பி ஆற்றில் குதித்துப் பிழைத்தாள். அவள் வாயை மூடிக்கொள்ளவில்லை. அவளுடைய வாக்குமூலம் இந்தியாவில் பத்திரிகையில் வெளிவந்தது. ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். சுப்பிரமணிய பாரதியார் அந்தத் தீவுப் பெண்களின் துயரத்தைப் பாடினார். ஆண்ட்ரூஸும் பியர்சனும் நேரில் போய் விசாரித்து அறிக்கை எழுதினார்கள். 1917-ல் பிஜிக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவது நிறுத்தப்பட்டது. 1920-ம் வருஷப் பிறப்பன்று மிச்சமிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின. எத்தனையோ அரசியல் காரணங்கள் அதற்கு உண்டு. ஆயினும், நாட்டு ஜனங்களின் நெஞ்சைத் தொட்டது பெண்களின் சாட்சியமே.

இரண்டாவது, நமக்கு அருகே கிள்ளானில் நடந்தது. 1941-ல் சிலாங்கூர் தோட்டத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் தலைவர்களில் ஒருவர். அவர்கள் கேட்டவற்றில் கூலி உயர்வு இருந்தது. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது இருந்தது. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது இருந்தது. அவற்றோடு, தங்கள் பெண்களிடம் துரைமாரும் மேல் உத்தியோகஸ்தர்களும் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும் என்ற கோரிக்கையும் பகிரங்கமாக வைக்கப்பட்டது. அரசாங்கம் நாதனைக் கைது செய்து நாடு கடத்தியது. துருப்புக்களைக் கொண்டுவந்தது. தொழிலாளர்கள் சுடப்பட்டு மாண்டார்கள். போராட்டம் நசுக்கப்பட்டது. ஆனாலும், எழுத வாசிக்கத் தெரியாத அந்த ஏழை ஜனங்கள், மானக்கேடு தங்கள் பெண்களுடையதல்ல, அதைச் செய்தவர்களுடையது என்பதை உலகறியச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் அன்றே சொன்னதை, படித்தவர்களாகிய நாம் இன்று சொல்லக் கூசுவது அழகல்ல.

யுத்த காலம்

கிள்ளான் சம்பவம் நடந்த அதே வருஷக் கடைசியில் ஜப்பானியர் வந்தார்கள். 1942, 1943 வருஷங்களில் சயாம் – பர்மா ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவும் பசியும் தின்றது போக மீதமானவர்களே திரும்பினார்கள். காஞ்சனபுரியில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக் கைதிகளின் கல்லறைகளில் பெயர் பொறித்திருக்கிறது. அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக மாண்ட ஆசியத் தொழிலாளர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் இல்லை.

ஆண்கள் போன பிறகு லயங்களில் எஞ்சியவர்கள் பெண்கள். ரப்பரை வாங்க ஆளில்லை, கூலி இல்லை, அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்கு நட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றியவர்கள் அவர்களே. புருஷன் இறந்தானா இருக்கிறானா என்று தெரியாமல் பல வருஷம் இருந்தவர்கள் உண்டு.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1943-ல் சிங்கப்பூரில் நேதாஜியின் சேனையில் ஜான்சிராணி படை தொடங்கியது. டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் அதன் தலைவி. மலாயாத் தோட்டங்களில் பிறந்த தமிழ்ப் பெண்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். நேற்றுவரை கங்காணியின் அதட்டலுக்குத் தலை குனிந்தவர்கள், துப்பாக்கி ஏந்தி அணிவகுத்தார்கள். அந்தப் படையிலிருந்த ராசம்மா பூபாலன் பிற்காலத்தில் ஆசிரியை ஆனார்; 1960-ல் ஆசிரியைகளுக்கென்று தொழிற்சங்கம் அமைத்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வேண்டும் என்று போராடினார். அந்தச் சமத்துவம் அரசாங்க உத்தியோகத்தில் அடுத்த பத்து வருஷத்துக்குள் வந்தது. ஐம்பது, நாற்பது என்று எழுதிய பழைய கணக்கை எதிர்த்து நின்றவர்களில் பெண்களே முன்னணியில் இருந்தார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இது நம் சரித்திரமா?

இதுவரை படித்த சில அங்கத்தினர்கள், "நம்மவர்களில் பெரும்பாலோர் தோட்டக் கூலியாக வரவில்லையே, வியாபாரத்துக்கல்லவா வந்தோம்? இது நம் சமூகத்தின் சரித்திரம் ஆகுமா?" என்று கேட்கலாம்.

ஆகும். தோட்டத்து முனையிலும் பட்டணத்திலும் இருந்த நம்மவர் கடைகளில் அரிசியும் கருவாடும் மல்லியும் மிளகாயும் வாங்கியவர்கள் யார்? அந்த நாற்பது சென்ட் வாங்கிய தாய்மார்கள்தாம். 555 நோட்டில் எழுதிய பற்றுக்கு அவர்கள் வியர்வையிலிருந்தே பணம் வந்தது. கஷ்ட காலத்தில் கடனுக்குச் சாமான் கொடுத்து உயிர் காத்த கடைக்காரர்கள் உண்டு. எழுத்தறியாதவள் என்று ஒன்றுக்கு இரண்டாக எழுதியவர்களும் இல்லாமலில்லை. முதலாவது வகையாரைப் பற்றிப் பேசும்போது இரண்டாவது வகையாரை மறந்துவிடலாகாது. அவளுடைய கண்ணீரில் நமக்குப் பங்கில்லை என்று சொல்லலாம். அவளுடைய காசில் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

இன்னும் அருகே வந்து பார்ப்போம். கடையநல்லூர், பனைக்குளம், கூத்தாநல்லூர், நாகூர் போன்ற ஊர்களிலிருந்து நம் பாட்டன்மார் சபர் வந்தார்கள். கல்யாணம் முடிந்த சில மாதத்தில் கப்பலேறி, மூன்று வருஷம், ஐந்து வருஷம் கழித்துத் திரும்பினார்கள். சபராளி வீடு என்றால் ஊரில் மதிப்பு. அந்த வீட்டுக்குள் இருந்த பெண்ணின் வாழ்வை யார் எழுதினார்கள்? அவள் காலம் முழுவதும் காத்திருப்பிலேயே கழிந்தது. இங்கே இன்னொரு குடும்பம் அமைத்துக்கொண்டு, ஊருக்குப் பணமும் கடிதமும் குறைத்துவிட்டவர்களும் இருந்தார்கள். யுத்தம் வந்தபோது தபாலும் பணமும் அடியோடு நின்றன. தோட்டத்து லயத்தில் ஒருத்தி சயாமுக்குப் போனவனை எதிர்பார்த்திருந்த அதே நாட்களில், கடலுக்கு அப்பால் நம் ஊர்ப் பெண் ஒருத்தி மலாயாவுக்கு வந்தவனை எதிர்பார்த்திருந்தாள். இருவர் கதையும் நம் வீட்டுக் கதையே.

நம் மார்க்கம், சாட்சியத்தை மறைப்பது குற்றம் என்று போதிக்கிறது. நமக்கே, நம் பெற்றோருக்கே, நம் உறவினருக்கே பாதகமாயிருந்தாலும் நீதியின் பக்கம் நின்று சாட்சி சொல்ல வேண்டும் என்கிறது. அந்நியன் செய்த அநியாயத்துக்குச் சாட்சி சொல்வது சுலபம். பாட்டன் செய்ததற்குச் சாட்சி சொல்வதுதான் சோதனை.

எப்படிக் கற்பது?

ஆகவே, இத்தகைய சரித்திரத்தைக் கற்கும்போது ஐந்து விஷயங்களைக் கடைப்பிடிப்பது நலம்.

முதலாவது, மறைக்கலாகாது. அநியாயத்துக்கு ஆளானவளுடைய மானத்தைக் காப்பதாகச் சொல்லி மறைக்கிறோம். உண்மையில் காப்பாற்றப்படுவது செய்தவனுடைய பெயர்.

இரண்டாவது, கூட்டியும் சொல்லலாகாது. எல்லாக் கங்காணிகளும் கொடியவர்கள் அல்லர். ஊர் ஜனங்களுக்காகத் துரையிடம் வாதாடியவர்களும் இருந்தார்கள். தராசில் ஒரு பக்கம் விரலை வைத்து அழுத்தினால் நிறை பொய்யாகும். ஒரு பொய் கலந்துவிட்டால் நூறு உண்மைகளையும் பிறர் தள்ளிவிடுவார்கள்.

மூன்றாவது, "அந்தக் காலம் அப்படி" என்று கடந்துபோகலாகாது. அதே காலத்தில் அது தவறென்று சொன்னவர்கள் இருந்தார்கள். சீனிவாச சாஸ்திரியார் மலாயாவுக்கு வந்து பார்த்து, 1937-ல் தம் அறிக்கையில் கங்காணி முறை ஒழிய வேண்டும் என்று எழுதினார். கிள்ளான் தொழிலாளர்கள் 1941-ல் சொன்னதை மேலே கண்டோம். அறியாமல் செய்தார்கள் என்ற சமாதானம் செல்லாது.

நான்காவது, பேரனைக் குற்றவாளி ஆக்கலாகாது. பாட்டன் கங்காணியாக இருந்தான் என்பதற்காக இன்று ஒருவரைப் பழிப்பது புதிய அநியாயம். பேரனுடைய கடமை ஒன்றே: நடந்ததை மறுக்காதிருப்பது.

ஐந்தாவது, அந்தப் பெண்களை அழுதவர்களாக மட்டும் பார்க்கலாகாது. பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள், சீட்டுக் கட்டிக் காசு சேர்த்தவர்கள், மருத்துவச்சியாக ஊருக்கே பிரசவம் பார்த்தவர்கள், வேலைநிறுத்தத்தில் முன்னே நின்றவர்கள் அவர்கள். பரிதாபப்படுவது மட்டும் மரியாதை ஆகாது.

தோட்டங்கள் பல இன்று செம்பனைக்கு மாறிவிட்டன. சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்களை இடித்தாகிவிட்டது. நேரில் கண்ட மூத்த தாய்மார்கள் மிகச் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி வைப்பது நம்மீதுள்ள அமானிதம். கேட்கும்போது பெண்களை பெண்களே கேட்கட்டும். பெயர் வேண்டாம் என்றால் எழுத வேண்டாம். சொல்ல விரும்பாததைத் தோண்ட வேண்டாம். சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுத வேண்டும். நம் விருப்பத்துக்குத் திருத்தலாகாது.

இன்றைக்கு என்ன பாடம்?

சரித்திரம் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டால் போதாது. அந்தக் கணக்கின் பாக்கி இன்றும் நம்மிடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அன்று கங்காணி கொண்டுவந்தான். இன்று ஏஜெண்டு கொண்டுவருகிறான். நம் உணவுக்கடைகளிலும் மளிகைக்கடைகளிலும் கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு வந்த பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய பாஸ்போர்ட்டை முதலாளி பெட்டியில் பூட்டி வைப்பது 1966-ம் வருஷத்துப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். வீட்டு வேலைக்கு வந்த வெளிநாட்டுப் பெண், பூட்டிய கதவுக்குள் யாரிடம் முறையிடுவாள்? லயத்துப் பெண் நின்ற அதே இடத்தில் அவள் நிற்கிறாள்.

2023 ஜனவரி முதல் நம் நாட்டுத் தொழில் சட்டம், பிரசவ விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தியிருக்கிறது. நம் கடையில் வேலை செய்யும் பெண்ணுக்கு அது முறையாகக் கிடைக்கிறதா? மார்க்கம் மகளுக்கும் சகோதரிக்கும் சொத்தில் பங்கு வைத்திருக்கிறது. பாகப் பிரிவினையின்போது, "அவள் கேட்கமாட்டாள்" என்று சொல்லிக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்ளும் வழக்கம் எத்தனை வீடுகளில் நடக்கிறது? மஹர் கொடுக்க வேண்டியவன் கைக்கூலி வாங்கும் வழக்கம் முற்றிலும் ஒழிந்துவிட்டதா? நாற்பது சென்ட் கொடுத்த துரையைக் குறை கூறும் வாய், தங்கையின் பங்கை மறுக்குமானால், அது சரித்திரம் படித்த வாயாகாது.

கூடிப் பேசுவதற்குச் சில வினாக்கள்

1. நம் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த மூத்த தாய்மார்கள் யார் யார்? அவர்கள் சொல்வதை யார் எழுதி வைக்கலாம்?

2. ஆணுக்கு 50, பெண்ணுக்கு 40 என்ற கூலியை நியாயப்படுத்த அன்று என்ன காரணம் சொல்லியிருப்பார்கள்? அதே காரணம் இன்று வேறு வடிவில் எங்கே சொல்லப்படுகிறது?

3. "குடும்ப மானம்" என்று சொல்லி நாம் மறைப்பவற்றில், உண்மையில் யாருடைய மானம் காக்கப்படுகிறது?

4. சபர் போன பாட்டனாரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். ஊரில் இருந்த பாட்டியாரைப் பற்றி என்ன சொல்கிறோம்? அவர் பெயராவது நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

5. நம் வீட்டிலும் கடையிலும் இன்று யாருக்காவது கொடுக்க வேண்டிய பாக்கி இருக்கிறதா?

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது அங்கத்தினர்கள் ஒவ்வொருவரும் தம் பாட்டியின் பெயரையும், அவர் பிறந்த ஊரையும், அவர் செய்த வேலையையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.